அம்மாவின் உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று ரத்தச் சோதனை சொல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். சிறுநீரக நோய் நாலாம் நிலையில் இருக்கிறது, ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 22 என்கிறார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. மூன்று மாதம் முன்னால் பிஎன்பி என்று ஒரு சோதனை எடுத்தார்கள், 310 வந்தது. போன வாரம் வேறு லேபில் என்டி-ப்ரோபிஎன்பி எடுத்தோம், 3,900! பன்னிரண்டு மடங்கு ஏறிவிட்டது. அதே பேக்கேஜில் இருந்த சிஏ-125 என்ற சோதனையில் 68 வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் சினைப்பைப் புற்றுநோய் என்று வருகிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. வலது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் இருப்பதாக எக்ஸ்ரேயில் எழுதியிருக்கிறார்கள். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. நீர் பிரிய ஃப்யூரோசெமைடு 40 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் ரத்தத்தில் க்ரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.4-லிருந்து 2.7 ஆனதும் அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்னொரு டாக்டர், எடை கூடவில்லையே, நீர் பெரிதாக இல்லை என்றார். எடை உண்மையிலேயே கூடவில்லை, மூன்று மாதமாக அதே 58 கிலோதான். சாப்பாடுதான் ரொம்பக் குறைந்துவிட்டது, உடையெல்லாம் தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டராகக் குறைத்துவிட்டோம். உடம்பில் எத்தனை லிட்டர் நீர் அதிகம் என்று சரியாகச் சொல்ல ஒரு ரத்தச் சோதனை இல்லையா, டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. லிட்டர் கணக்கில் சொல்லும் ரத்தச் சோதனை இன்றைக்கு எங்கேயும் கிடையாது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதுவும் லேப் அறிக்கையைப் பற்றி எழுதிய இடத்தில் இல்லை, உடை தொளதொளவென்று தொங்குகிறது என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரியில். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத இரண்டு எண்களைப் பார்த்துவிடலாம்.

310-இலிருந்து 3,900. இது பன்னிரண்டு மடங்கு ஏற்றமே இல்லை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சோதனைகள். இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது அங்குள்ள செல்கள் 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தைத் தயாரிக்கின்றன; அது இரண்டு துண்டாக வெட்டப்பட்டு ரத்தத்துக்குள் வருகிறது. 32 அமினோ அமிலம் உள்ள துண்டு பிஎன்பி. இதுதான் வேலை செய்யும் ஹார்மோன், சிறுநீரகத்திடம் "உப்பை வெளியே தள்ளு" என்று சொல்வது. மிச்சமுள்ள 76 அமினோ அமிலத் துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி, அதற்கு வேலை என்று எதுவும் தெரியவில்லை, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பிஎன்பி இருபது நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதை அகற்ற உடம்பில் பல வழிகள் இருக்கின்றன. என்டி-ப்ரோபிஎன்பி பாதியாகக் குறைவதற்கே ஒன்று இரண்டு மணி நேரமாகும், அதுவும் பெரும்பாலும் சிறுநீரகத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தில் இரண்டையும் பார்த்தால்கூட என்டி-ப்ரோபிஎன்பி பல மடங்கு அதிகமாகவே வரும், சிறுநீரகம் பழுதாக ஆக அந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். ஈஜிஎஃப்ஆர் 22 உள்ளவரிடம் ஒன்று 310-ம் மற்றது 3,900-ம் என்றால், மூன்று மாதத்தில் எதுவுமே மாறாமல்கூட இருந்திருக்கலாம். மாறியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதித்தரும் பேக்கேஜ்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அலகையும் ஒரு கண் பாருங்கள்: சில லேப்கள் பிகோகிராமில் தரும், சில பிகோமோலில், என்டி-ப்ரோபிஎன்பியில் லிட்டருக்கு ஒரு பிகோமோல் என்பது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய எட்டரை பிகோகிராம்.

சரி, 3,900 தனியாக என்ன சொல்கிறது? அறிக்கையில் பக்கத்தில் 125 என்று அச்சடித்து, அம்மாவுடைய எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, மேல் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். அந்த 125 என்பது மூச்சிரைப்போடு வெளிநோயாளியாக வருபவரிடம் இதய பலவீனம் இல்லை என்று ஒதுக்குவதற்கான எல்லை. திடீர் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு 300-க்குக் கீழே இருந்தால் ஒதுக்கலாம். இந்த எல்லைகளை நாலாம் நிலைச் சிறுநீரக நோயாளி மேல் அப்படியே வைத்தால் ஏறக்குறைய எல்லோருமே "அசாதாரணம்" ஆகிவிடுவார்கள். ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இருப்பவர்களிடம் திடீர் மூச்சுத்திணறலுக்கு இதயம்தான் காரணம் என்று சொல்ல எல்லையை 1,200 வரை உயர்த்தலாம் என்று 2006-இலேயே ஆய்வு வந்தது. அதையும் 22-க்கு இழுத்துக்கொண்டு போவது சிரமம்தான்.

நான் நோயாளிகளிடம் இதை இப்படிச் சொல்வது வழக்கம்: இந்த எண் இதயத்தின் தோள்வலி. மூட்டை கனமாக இருந்தாலும் வலிக்கும், தோள் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் சின்ன மூட்டைக்கும் வலிக்கும். வலியை வைத்து மூட்டை எத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. பல வருடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தவருக்கு இதயச் சுவர் தடித்துப் போயிருக்கும், அதுவே எண்ணை ஏற்றும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போனால் ஏறும். வயது கூடினால் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களிடம் நேர்மாறாக, உண்மையான தேக்கம் இருந்தாலும் எண் குறைவாக வந்து ஏமாற்றும். இதய பலவீனத்துக்கு சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களிடம் பிஎன்பியை நம்பவே கூடாது, ஏனென்றால் பிஎன்பியை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. என்டி-ப்ரோபிஎன்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. (அம்மா அந்த மாத்திரையில் இல்லை என்றுதான் தெரிகிறது. ஆனாலும் மருந்துச் சீட்டை ஒரு முறை பாருங்கள்.)

அப்படியானால் சோதனையே வீணா? வீண் இல்லை. இரண்டு இடத்தில் எனக்கு நன்றாக உதவும். ஒன்று, சிறுநீரகம் இவ்வளவு பழுதான பிறகும் எண் குறைவாக வந்தால் இதயத்தில் பெரிய இழுபாடு இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். குறைந்த எண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன். இரண்டாவது, ஒரே ஆளின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவது. ஒருவர் வீக்கமில்லாமல், மூச்சு இலகுவாக, அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் நாளில் எண் என்ன என்று குறித்து வைத்தால், பின்னால் உடம்பு சரியில்லாத நாளில் அதுவே அவருக்கான அளவுகோல். ஆனால் ஒரே லேப், ஒரே சோதனை. அப்புறம் சின்ன ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் வாரா வாரம் எடுத்துப் பார்த்தபோது, எண் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆனால்தான் உண்மையான மாற்றம் என்று கொள்ள முடியும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 3,900 அடுத்த மாதம் 4,500 ஆனால் நான் புருவம் உயர்த்த மாட்டேன். 8,000 ஆனால் உட்காரவைத்துப் பேசுவேன்.

இனி சிஏ-125. நுரையீரல், இதயம், குடல் இவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளின் செல்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. சினைப்பைப் புற்றில் ஏறும் என்பது உண்மைதான், அதனால்தான் இணையத்தில் அதுவே முதலில் வருகிறது. ஆனால் அந்தச் சவ்வுகளுக்கு எந்த எரிச்சல் வந்தாலும் ஏறும்: ஈரல் நோயில் வயிற்றில் நீர் கோத்தால், சவ்வில் காசநோய் வந்தால், இதய பலவீனத்தில் திசுக்களில் நீர் தேங்கினால். இயல்பின் மேல் எல்லை 35. தேக்கம் உள்ளவர்களிடம் 68 எல்லாம் அதிர்ச்சி தரும் எண்ணே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இதய மருத்துவத்தில் கடந்த சில வருடங்களாக இதைத் தேக்கத்தின் அடையாளமாகவே பயன்படுத்திப் பார்க்கிறார்கள், அதிலும் சிறுநீரகம் பழுதானவர்களிடம். காரணம், என்டி-ப்ரோபிஎன்பியைப் போல இது சிறுநீரகத்தின் தயவில் இறங்குவதில்லை. 2020-இல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில், இதய பலவீனத்தோடு சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வந்த 160 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு சிஏ-125 35-க்கு மேலே இருந்தால் நீர் பிரியும் மருந்தைத் தாராளமாகவும், கீழே இருந்தால் கைபிடித்தும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தபோது வழக்கப்படி சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு மேலாக இருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லோருக்கும் சிஏ-125 எடுக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது: பிஎன்பி குடும்பம் ரத்தக் குழாய்க்குள்ளும் இதயத்துக்குள்ளும் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது, சிஏ-125 வெளியே திசுக்களில் ஊறிக் கிடக்கும் நீரைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே நீர் இல்லை. செல்களுக்கு வெளியே உள்ள நீரில் சுமார் கால் பங்குதான் ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது, முக்கால் பங்கு திசு இடுக்குகளில். கால் முழுக்க நீராக இருந்தும் ரத்தக் குழாய் வறண்டிருக்கும் நோயாளி உண்டு, கால் ஒல்லியாக இருந்தும் நுரையீரல் நனைந்திருக்கும் நோயாளியும் உண்டு.

இதனால் புற்றுநோய்ப் பயத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லிவிட மாட்டேன். 62 வயதில், சாப்பாடு குறைந்து உடல் இளைத்து, நுரையீரலைச் சுற்றி நீரும் இருக்கிறது என்றால், பெண்கள் நல மருத்துவரை ஒரு முறை பார்த்து இடுப்புப் பகுதி ஸ்கேன் எடுத்துவிடுவதுதான் சரி. அது இயல்பாக இருந்தால் மனசு ஓயும். அப்புறம் தேங்கிய நீரை இறக்கிவிட்டு ஐந்தாறு வாரம் கழித்து சிஏ-125-ஐத் திரும்பப் பாருங்கள், சீக்கிரம் எடுத்தால் பயனில்லை, அது மெதுவாகத்தான் இறங்கும். நீரோடு சேர்ந்து எண்ணும் இறங்கினால் காரணம் என்ன என்பது தெரிந்துவிடும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் மேலே தேட வேண்டியதுதான்.

இப்போது அந்த எடைக்கு வருகிறேன். மூன்று மாதமாக 58 கிலோ, ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் சாப்பாடு குறைந்திருக்கிறது, தோள் இளைத்திருக்கிறது. அப்படியானால் எடை குறைந்திருக்க வேண்டும், இல்லையா? குறையாமல் அப்படியே நிற்கிறது என்றால், கரைந்து போன சதையின் இடத்தை ஏதோ ஒன்று நிரப்பியிருக்கிறது. மூன்று கிலோ சதை போய் மூன்று லிட்டர் நீர் சேர்ந்தால் எடைக்கருவி அதே 58-ஐத்தான் காட்டும். "எடை கூடவில்லை, அதனால் நீர் இல்லை" என்ற கணக்கு, நன்றாகச் சாப்பிடுகிறவருக்குப் பொருந்தும். இளைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அது பொருந்தாது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம்: காய்ச்சல் வந்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்துவிட்டு வருவார், பழைய ட்ரை வெயிட்டையே (கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை) இலக்காக வைத்து நீரை எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு லிட்டர் உள்ளேயே தங்கிவிடும், கடைசியில் நடு ராத்திரி மூச்சுத் திணறி வருவார். அம்மாவின் பிடிமானமில்லாத கை, மெலிந்த கன்னப்பொட்டு, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, இதையெல்லாம் சேர்த்துத்தான் எடையைப் படிக்க வேண்டும். கூடவே ஒன்று: க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை கரைந்தால் அதுவும் குறைத்துக் காட்டும், அதை வைத்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் மேலாகத் தெரியும். அம்மாவின் உண்மையான சிறுநீரகச் செயல்பாடு 22-ஐவிடக் கொஞ்சம் மோசமாக இருக்கலாம். சிஸ்டாட்டின் சி என்ற சோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை, வசதியிருந்தால் ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

லிட்டர் கணக்கு வேண்டும் என்றீர்களே, அதற்கு ஒரு வழி இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. பயோஇம்பீடன்ஸ் என்று ஒரு கருவி. படுக்கவைத்து, ஒரு பக்கத்துக் கையிலும் காலிலும் இரண்டிரண்டு ஒட்டுப் பட்டைகள், உடம்புக்குத் தெரியாத அளவு மின்னோட்டத்தைப் பல அலைவரிசைகளில் அனுப்பும். சில நிமிடத்தில் "இத்தனை லிட்டர் கூடுதல்" என்று திரையில் காட்டிவிடும். அதோடு சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்லும், அம்மாவுக்கு வேண்டியது அதுதான். டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த பெரிய கண்காணிப்பு ஆய்வுகளில், செல்லுக்கு வெளியே உள்ள நீரில் 15 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். குறையும் உண்டு: திரையில் வரும் ஒரு தசம புள்ளியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, வயிற்றிலோ நுரையீரலைச் சுற்றியோ கட்டி நிற்கும் நீரை அது சரியாகப் பிடிக்காது, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. எல்லா ஊரிலும் கிடைக்காது; டயாலிசிஸ் செய்யும் இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று நுரையீரல் அல்ட்ராசவுண்ட். நனைந்த நுரையீரலில் மேலிருந்து கீழே வால் போல வெள்ளைக் கோடுகள் இறங்கும், பி-கோடுகள் என்போம், அதை எண்ணிவிடலாம். ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காதவரிடமும், காலில் ஒரு பொட்டு வீக்கம் இல்லாதவரிடமும் இந்தக் கோடுகள் நிறைய இருக்கும். இதை வைத்து டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நீர் எடுத்தால் உயிர் காக்குமா என்று 363 பேரிடம் சோதித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நுரையீரல் நீர் குறைந்தது உண்மை, ஆனால் மரணம், மாரடைப்பு, இதய பலவீனம் எல்லாம் சேர்த்துப் பார்த்த முக்கியக் கணக்கில் வித்தியாசம் வரவில்லை; திரும்பத் திரும்ப வரும் இதய பலவீனத் தாக்குதல்கள் மட்டும் குறைந்திருந்தன. எந்தக் கருவியும் அதைப் பார்க்கும் டாக்டரின் யோசனைக்கு மாற்று ஆகாது என்பதால் இதைச் சொல்கிறேன். 2009-இல் அமெரிக்காவில் 150 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள், எந்த விசேஷக் கருவியும் இல்லை, ட்ரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும் வரை இறக்கிக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான். எட்டு வாரத்தில் எடை சுமார் ஒரு கிலோ இறங்கியது, மேல் அழுத்தம் மற்றவர்களைவிட 6 முதல் 7 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ரத்தச் சோதனைகளிலும் கேலக்டின்-3, எஸ்டி2, கோபெப்டின் என்று இன்னும் பல பெயர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிபடும். அவற்றுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கால் வீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயங்காலம் மட்டும் வீங்கி, காலையில் வற்றி, கணுக்காலோடு நின்றுவிடுகிறது என்றால், மருந்துச் சீட்டில் ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபைன் இருக்கிறதா பாருங்கள். அந்த மாத்திரை, அதிலும் 10 மில்லிகிராம் அளவில், உடம்பில் ஒரு சொட்டு நீர் கூடாமலே காலை வீங்கவைக்கும். அதற்கு நீர் பிரியும் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் சிறுநீரகம்தான் அடிபடும். நரம்பு எரிச்சலுக்குத் தரும் ப்ரீகாபலினும் அப்படித்தான். சர்க்கரைக்குத் தரும் பயோக்ளிட்டசோன் இருந்தால் விஷயம் வேறு, அது உண்மையாகவே நீரைப் பிடித்துவைக்கும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் நீரையும் பிடித்துவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பதென்றால் கணுக்காலுக்கு மேலே முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து நிதானமாகப் பத்து எண்ணும் வரை அமுக்குங்கள். எடுத்த பிறகு குழி நிற்கிறதா, எவ்வளவு உயரம் வரை குழி விழுகிறது, முழங்கால் வரையா என்று பாருங்கள். நாள் முழுக்கப் படுத்தே இருப்பவருக்கு நீர் காலில் இருக்காது, இடுப்புக்குப் பின்னால் முதுகடியில் இருக்கும், அங்கேயும் அமுக்கிப் பார்க்க வேண்டும். குழி விழுமளவு வீக்கம் வருவதற்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்துவிட்டிருக்கும்.

அண்ணன் மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி. பயத்தில் செய்தது, புரிகிறது. ஆனால் 2.4-இலிருந்து 2.7 என்பது எட்டில் ஒரு பங்கு ஏற்றம். வீக்கம் வற்றி, மூச்சு இலகுவாகி, அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது க்ரியாட்டினின் இந்த அளவு ஏறினால் நான் மாத்திரையை நிறுத்த மாட்டேன். தேங்கிய நீர் சிறுநீரகத்தின் ரத்தநாளத்தையும் அழுத்திக்கொண்டுதான் இருக்கும், அதை இறக்குவது அதற்கும் நல்லது. மாறாக, வீக்கம் கொஞ்சமும் குறையாமல், எழுந்து நின்றால் தலை சுற்றி, க்ரியாட்டினின் மட்டும் ஏறுகிறது என்றால் அப்போது யோசிப்பேன். அம்மாவுக்கு இந்த இரண்டில் எது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: மாத்திரை போட்ட அடுத்த ஆறு மணி நேரத்தில் வழக்கத்தைவிட நன்றாகச் சிறுநீர் போனதா? ஃப்யூரோசெமைடு ஒரு எல்லையைத் தாண்டினால்தான் வேலை செய்யும், தாண்டாவிட்டால் போட்டதும் போடாததும் ஒன்று, சிறுநீரகம் பழுதாக ஆக அந்த எல்லை மேலே போய்க்கொண்டே இருக்கும். ஈஜிஎஃப்ஆர் 22-இல் 40 மில்லிகிராம் பலருக்கு அந்த எல்லையை எட்டுவதில்லை. மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை போன சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பதுண்டு. லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அளவு போதவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மலிவான, உடனே விடை சொல்லும் சோதனை அதுதான், அதை ஏனோ நிறையப் பேர் எடுப்பதில்லை. அளவை நீங்களாக ஏற்றிவிடாதீர்கள், பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

தண்ணீரை ஒரு லிட்டராகக் குறைத்திருக்கிறீர்கள், உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் உடம்பில் நீரைப் பிடித்துவைத்திருப்பது உப்புதான். ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது; அதாவது வெளியேறாத ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு கட்டிப்போடும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைத்தால் அம்மா தாகத்தில் தவிப்பார், வேறு பலன் இருக்காது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு சின்னக் கரண்டி, அதற்குமேல் வேண்டாம். ரத்தத்தில் சோடியம் இயல்பு என்று அறிக்கை சொன்னால் உப்பு சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உப்பும் நீரும் சேர்ந்தே கூடினால் அந்த எண் அசையாது. உப்புக்குப் பதில் என்று விற்கும் பொருட்களில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், இந்த நிலையில் அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இதய எக்கோ இந்த வருடம் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் எடுங்கள். எக்கோ இல்லாமல் 3,900-ஐப் படிக்க முடியாது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், அதே மாதிரி உடையில், அதே கருவியில் எடை பார்த்து, பக்கத்திலேயே ரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர்தான், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை போகும்போது "எடை கூடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், மூன்று மாதமாகச் சாப்பாடு குறைந்து உடல் இளைத்தும் எடை இறங்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரே வாக்கியம்தான், ஆனால் அதைக் கேட்கும் டாக்டர் பரிசோதிக்கும் விதமே மாறும். பசி ஏன் போனது என்பதையும் கேளுங்கள், யூரியா ஏறியதால் என்றால் டயாலிசிஸுக்கான ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்திருக்கலாம்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாகிறது, இருமலோடு நுரை வருகிறது, சிறுநீர் திடீரென்று பாதியாகக் குறைகிறது, இவற்றில் எது நடந்தாலும் லேபுக்குப் போகாதீர்கள். எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், போகும்போது மருந்துச் சீட்டும் எடை எழுதிய நோட்டும் கையில் இருக்கட்டும்.